அரைக் கட்டை கீழே

இசையமைப்பாளர் ஹெல்வி பெல்தோலாவைப் பற்றி எழுதும் டொராண்டோ பத்திரிகைகள், அவள் பாரிஸில் படித்த இரண்டு வருடங்களில்தான் தொடங்கும். எங்கள் ஊரான லாங் போர்டேஜில் நாங்கள் அதற்கும் முப்பத்தெட்டு வருடம் முன்னால் போய், ஏரிக்கரையில் கவிழ்ந்த ஒரு சறுக்குவண்டியில் தொடங்குவோம்.

1913 ஜனவரி. காகித ஆலைக்கு வேலைக்கு வந்த பின்லாந்துக்காரர்கள் தங்கள் கையாலேயே ஒரு மரக் கூடம் கட்டியிருந்தார்கள். ஊரில் அதற்கு ஹால் என்றுதான் பெயர். அதற்கு வாங்கிய பியானோ அக்கரை ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. உறைந்த ஏரியின் மேல் இரண்டு குதிரைகள் அதை இழுத்து வந்தன. ஏரியைத் தாண்டியாகிவிட்டது, கரையேறும் சரிவில் வண்டி புரண்டது. மனிதர்களுக்கும் குதிரைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பியானோவின் உள்ளே கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் விட்டது.

கோடையில் சுருதி சேர்க்க வந்தவர், முழு இழுவிசையில் கம்பிகளை முறுக்கினால் சட்டம் வெடித்துவிடும் என்று சொல்லி, எல்லாக் கம்பிகளையும் அரைக் கட்டை கீழே நிறுத்தினார். அதாவது, எந்தக் கட்டையை அமுக்கினாலும் அதற்கு இடது பக்கத்துக் கட்டையின் சுரம்தான் கேட்கும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தார்: ‘மேலே ஏற்றாதீர்கள். உடையும்.’ அவருக்குப் பின் வந்த எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

பாடகர் குழுவுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பியானோ எங்கே நிற்கிறதோ அங்கே குரலும் போய் நின்றுகொள்ளும். ஆனால் ஆலைத் தொழிலாளர்களின் பித்தளை வாத்தியக் குழுவால் அப்படி இறங்கிவர முடியாது. அதனால் பேண்டும் பியானோவும் ஒரே பாட்டை வாசித்ததே இல்லை. என் சிறு வயதுக்குள் காரணம் மறந்துபோய், வழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. பாடகர்களுக்கும் பேண்டுக்காரர்களுக்கும் இடைவேளைக் காப்பியை யார் போடுவது என்று என்றோ ஒரு சண்டை வந்ததாகவும், அதனால்தான் சேர்ந்து வாசிப்பதில்லை என்றும் சொன்னார்கள். இரண்டு தரப்பும் அந்தச் சண்டையை விசுவாசமாகக் காப்பாற்றி வந்தன.

ஹெல்வியின் அப்பா ஆர்வோ, ஹாலில் அடுப்பு மூட்டிச் சுத்தம் செய்பவர். அவர் விறகு அடுக்கும் நேரமெல்லாம் பியானோ அவளுடையது. நானும் அவளும் ஒரே வகுப்பு. அடுப்பு மூடி கீழே விழுந்தாலும் அது எந்தச் சுரம் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். ஆறு வயதில் உர்ஹோவுடன் அவள் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். உர்ஹோவுக்கு அப்போது பதினெட்டு. பேண்டில் டூபா வாசிப்பவன். ஆலைச் சங்கு ஊதியதும் ஹெல்வி, “அது சி” என்றாள்.

“இல்ல குட்டி, அது பி” என்றான் உர்ஹோ. “பாரு, என் கையில இருக்கறது ஒரு கன்னுக்குட்டி கனம் பித்தளை. இது பொய் சொல்லாது.”

“என் பியானோ பசு மாட்டைவிட கனம். அது மட்டும் பொய் சொல்லுமா?”

இரண்டு பேரும் சொன்னது சரிதான்; எங்கள் பியானோவின் ‘சி’ கட்டை ‘பி’ என்றுதான் ஒலிக்கும். அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் கேள்வி கேட்பது கொஞ்சம் மரியாதைக் குறைவு. ஒருவர் தப்பாகச் சொன்னால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவோம்.

1943இல், பதினாறு வயதில், டொராண்டோ இசைக் கல்லூரியின் உதவித்தொகைத் தேர்வுக்கு ஹெல்வி ரயில் ஏறினாள். வழியனுப்ப பேண்டு வாசித்தது. பாடகர் குழுவும் பாடியது, தனித்தனியாக. தேறிவிட்டாள் என்று தந்தி வந்தது. அதில் இல்லாததை 1958இல்தான் நான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் எங்கள் ஊர் வாரப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தேன். முதல் முறையாக ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா அவளுடைய படைப்பை வாசித்திருந்தது. பேட்டி எடுக்க டொராண்டோவில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

“வெய்க்கோ, நான் அந்தத் தேர்வுல தோத்துட்டேன், தெரியுமா?” என்று ஆரம்பித்தாள்.

தேர்வாளர்கள் மூன்று பேர். ஒருவர் பியானோவில் ஒரு சின்ன மெட்டை வாசிப்பார். அவள் கேட்டுத் திருப்பி வாசிக்க வேண்டும். அவர் ‘சி’யில் வாசித்ததை அவள் அதற்கு அடுத்த கறுப்புக் கட்டையில் தொடங்கித் திருப்பினாள். மறுபடி, மறுபடி. எல்லாமே ஒரு கட்டை வலது பக்கம் தள்ளி.

“ஏம்மா, இது என்ன விளையாட்டா?” என்று கேட்டாராம் நடுவில் இருந்தவர்.

“நீங்க வாசிச்சதைத்தான் வாசிச்சேன் ஐயா. உங்க பியானோதான் நான் ஒண்ணு அமுக்கினா வேற ஒண்ணு பேசுது.”

அறையில் சிரிப்பு. கடைசி நாற்காலியில் இருந்த மிஸ் ஆட்கின்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. “காது சரியில்லாதவங்க பல தினுசா தப்பு பண்ணுவாங்க. இந்தப் பொண்ணு இருபது தடவையும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கா. காதுல கோளாறு இல்ல. எந்த ஊரு பியானோம்மா உன்னுது?”

ஒரு வருடம் அவகாசம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் காதைச் சரிசெய்தால் உதவித்தொகை, இல்லாவிட்டால் ரயில். ஹெல்வி காலை ஆறு மணிக்குக் கல்லூரிக்குப் போய்விடுவாள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை வாசிப்பாள். முதல் தடவை ஒவ்வொரு சுரத்தையும் ஒரு கட்டை இடது பக்கம் தள்ளி. அப்போதுதான் ஊரில் கேட்ட சத்தம் வரும், மனம் அமைதியாகும். இரண்டாம் தடவை எழுதியபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த வருடம் அவள் வாசித்த ஒவ்வொன்றும் அவள் கைக்கு இரண்டு விதமாகத் தெரியும்.

“காதுக்கு ஒரு தடவை, காகிதத்துக்கு ஒரு தடவை” என்றாள். “இதை எழுதிடாத, வெய்க்கோ. நம்ம ஊரு பியானோவைப் பத்தி டொராண்டோவுல யாரும் சிரிக்கக் கூடாது.”

நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இருபத்துமூன்று வருடம் கழித்து நடந்தது நடந்திருக்காது.

1981 மார்ச்சில் ஹாலுக்கு எழுபதாம் ஆண்டு விழா. விழாக் குழுத் தலைவி இர்யா. தபால் நிலையத்தை முப்பது வருடம் ஆண்டவள். ஓய்வு பெற்ற பிறகு ஊரையே ஆண்டாள். அவளும் எங்கள் வகுப்புதான். ஹெல்விக்குக் கடிதம் போட்டாள். அதற்குள் ஹெல்வியின் படைப்புகள் வான்கூவர் முதல் ஹெல்சிங்கி வரை போயிருந்தன. சாதாரணமாக மூன்று வருடம் முன்னால் கேட்டால்தான் கிடைப்பாள். எங்களுக்கு இரண்டே வாரத்தில் பதில் வந்தது. பியானோவுக்கும் பேண்டுக்கும் சேர்த்து இருபது நிமிடத்துக்கு ஒன்று எழுதித் தருகிறேன். பியானோவை நானே வாசிக்கிறேன். கடைசியில் ஒரு வரி: ‘பியானோ அதேதானே?’

‘அதேதான்’ என்று இர்யா எழுதினாள். எழுதிவிட்டுக் குழுவைக் கூட்டினாள்.

“பேண்டோட சேர்த்து வாசிக்கப் போறா. உலகமெல்லாம் பார்த்தவ. அவளை நம்ம உடைஞ்ச பியானோ முன்னால உட்கார வைக்கறதா? சட்டத்தைச் சரி பண்ணுவோம். அவகிட்ட மூச்சு விடக் கூடாது. வந்து கட்டையில கை வைக்கும்போது தெரியட்டும்.”

“விரிசலை நான் பாத்துக்கறேன்” என்றார் உர்ஹோ. ஆலையில் முப்பத்தெட்டு வருடம் வெல்டராக இருந்தவர். “வார்ப்பிரும்பு கொஞ்சம் கோபக்காரி. அவசரப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.”

கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கணத்தில் 1958இல் கேட்டது எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. பெருமை மட்டும்தான் இருந்தது.

உர்ஹோ சட்டத்தை வெளியே எடுத்து, ஆலைப் பட்டறையில் ஆறு வாரம் விரிசலைத் தைத்தார். தைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்; ஓட்டை போட்டு, இரும்பு ஆணி இறக்கி, அதை ஒட்டி அடுத்த ஓட்டை. புதுக் கம்பிகளை அவரே கட்டினார். அவற்றின் முறுக்காணிகளைத் திருப்ப ஒரு சாவியையும் தன் கையால் அராவிச் செய்துகொண்டார். டிம்மின்ஸிலிருந்து வருடம் இரண்டு முறை வரும் சுருதிக்காரர் லாஃப்ரென்யே வந்து, மூடியில் இருந்த பென்சில் எழுத்தைப் படித்துவிட்டு, மூன்று நாளில் பியானோவை முழுச் சுருதிக்கு ஏற்றினார். அறுபத்தெட்டு வருடத்தில் முதல் முறை. சட்டம் முனகக்கூட இல்லை. உர்ஹோ அன்று இரண்டு தடவை சிரித்ததாக அவர் மனைவி சொன்னாள்.

ஜனவரியில் பேண்டுக்கான தாள்கள் தபாலில் வந்தன. உர்ஹோ தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ன இது, முள்ளுக் காடு மாதிரி? பித்தளைக்கு யாராவது இந்தச் சுருதியில எழுதுவாங்களா? அரைக் கட்டை தள்ளி எழுதியிருந்தா ஆளுக்கு ஒரு விரல் மிச்சம்.”

“பாரிஸ்ல படிச்சவங்க அப்படித்தான் எழுதுவாங்க” என்றான் ஒரு ட்ரம்பெட்காரன்.

“அப்போ நாமளும் பாரிஸ் விரலோட வாசிப்போம்.”

ஏன் இப்படி எழுதினாய் என்று ஹெல்வியை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

விழா ஞாயிறு இரண்டு மணிக்கு. ஹெல்வி வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் வந்தாள். ஐம்பத்துநான்கு வயது, நரைத்த குட்டைமுடி, ஆலைக்காரர்கள் போடுவதுபோல் ஒரு தோல் தொப்பி. ஹாலில் இர்யா ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டியும் காப்பியும் வைத்துக் காத்திருந்தாள். உர்ஹோ சுவரோரமாக, ஒன்றும் தெரியாதவர்போல், புதுச் சட்டையில்.

“முதல்ல காப்பி குடிடி” என்றாள் இர்யா.

“முதல்ல பியானோ” என்றாள் ஹெல்வி. கையுறையைக் கழற்றி, நின்றபடியே இரண்டு கைகளையும் விரித்து, பல கட்டைகளை ஒன்றாக அமுக்கி ஒரு சுரச் சேர்க்கை வாசித்தாள்.

வாசித்த கை அப்படியே நின்றது. பிறகு ஒரு விரலை மட்டும் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், கடைசிக் கட்டையை அமுக்கினாள். அந்த ஆழ்ந்த சத்தம் முழுவதும் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

“எப்படி?” என்றாள் இர்யா. அவள் முகத்தில் முப்பது வருடத் தபால் நிலையத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். “உர்ஹோதான் தைச்சாரு. முழுச் சுருதி! இனிமே நம்ம பியானோ எந்த ஊரு பியானோவுக்கும் குறைஞ்சது இல்ல.”

ஹெல்வி சட்டத்தைக் குனிந்து பார்த்தாள். தையல் இருந்த இடத்தை விரலால் தடவினாள். “ரொம்ப நல்ல வேலை, உர்ஹோ. எங்க உடைஞ்சதுன்னே தெரியல.” மூடியைச் சாத்தினாள். “கொஞ்சம் ஏரிப் பக்கம் நடந்துட்டு வரேன். ரயில்லயே உட்கார்ந்திருந்தது கால் மரத்துப் போச்சு.”

காப்பி குடிக்காமல் போனாள். எங்கள் ஊரில் ஊற்றிய காப்பியைக் குடிக்காமல் போவது, செத்த வீட்டில்கூட நடக்காது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சங்கு, சண்டை, ஆறு மணிக் கல்லூரி, பேண்டின் முள்ளுக் காடு, ‘அதேதானே?’ எல்லாம் ஒரே நேரத்தில். அவள் பேண்டை அரைக் கட்டை இறக்கி எழுதியிருக்கிறாள், எங்கள் பியானோவோடு முதல் முறையாகச் சேரட்டும் என்று. நாங்கள் பியானோவை ஏற்றிவிட்டோம்.

இர்யாவிடம் சொன்னேன். அவள் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“இதெல்லாம் உனக்கு எப்போ தெரியும்?”

“அம்பத்தெட்டுல.”

“அம்பத்தெட்டுல தெரிஞ்சு, குழுவுல கையத் தூக்கினியா?”

“ஞாபகம் வரல.”

“பத்திரிகை நடத்தினானாம். வாரா வாரம் யார் வீட்டு நாய் யாரைக் கடிச்சதுன்னு எழுதினே. இது ஞாபகம் வரல.” பிறகு தாழ்ந்த குரலில், “அவ கேட்டா, வெய்க்கோ. ஒரே ஒரு கேள்வி. நான் பொய் எழுதினேன்” என்றாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒத்திகை. பேண்டில் இருபத்திரண்டு பேர். ஹெல்வி பியானோ முன் உட்கார்ந்தாள். தாளில் இருந்தபடி தொடங்கினாள். மூன்றாவது வரியில் பேண்டு சேர்ந்தது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. நான்கு வரி தாங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக வாத்தியத்தை இறக்கினார்கள்.

“யாரோ பூனை வாலை மிதிச்சுக்கிட்டு, கால எடுக்க மாட்டேங்கறாங்க” என்றார் உர்ஹோ. “நாங்கதான் தப்பா?”

“நீங்க யாரும் தப்பு இல்ல” என்றாள் ஹெல்வி. திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தேர்வில் சிரித்தது உட்பட. குரல் உயரவே இல்லை. “இந்தப் பியானோவும் இந்தப் பேண்டும் ஒரு தடவையாவது சேர்ந்து வாசிக்கணும்னு முப்பது வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன். வேற எங்கேயும் வாசிக்க முடியாதபடிதான் எழுதினேன். நாளைக்கு நீங்க மார்ச் பாட்டு ரெண்டு வாசிச்சுடுங்க. நான் ஏதாவது தனியா வாசிக்கறேன். யாரும் வருத்தப்பட வேணாம்.”

பிறகு உர்ஹோ, “லாஃப்ரென்யேவைக் கூப்பிட்டுத் திரும்ப இறக்கச் சொன்னா?” என்றார். ஆறு வாரம் தைத்தவர் அதைக் கேட்டது லேசான காரியம் இல்லை.

“புதுக் கம்பி. ஒரு நாள்ல இறக்கினா நிக்காது, உர்ஹோ. வாசிக்க வாசிக்க நழுவும்.”

இர்யா சமையல் கட்டின் வாசலில் நின்றிருந்தாள். நேராகப் பியானோ வரை நடந்து வந்தாள்.

“ஹெல்வி, நான் பொய் எழுதினேன். அது என் தப்பு. ஆனா மார்ச் பாட்டு எல்லாம் வேணாம். அந்தக் கல்லூரியில ஒரு வருஷம் என்னமோ பண்ணினியாமே, ஒரு கட்டை தள்ளி. இவன் சொன்னான். அது இப்போ முடியாதா?”

ஹெல்வி என்னைப் பார்த்தாள். இருபத்துமூன்று வருடம் காத்த ரகசியம் நேற்று வெளியே போயிருந்தது. பிறகு தாளைப் பார்த்தாள்.

“அது பதினாறு வயசுல, இர்யா. விரல் வேற மாதிரி விழும். வெள்ளைக் கட்டையில போற இடமெல்லாம் கறுப்புல போகும். இருபது நிமிஷம்.”

“பதினாறு வயசுல முடிஞ்சது இப்போ முடியாதா? இப்போ நீ பெரிய ஆளுதானே? பத்திரிகையில எல்லாம் அப்படித்தான் போடறாங்க.”

பேண்டில் யாரோ சிரித்தார்கள். ஹெல்வியும் சிரித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் சேர்க்கையை ஒரு கட்டை இடது பக்கம் தள்ளி வைத்தாள். மெதுவாக, பாதி வேகத்தில், முதல் பக்கம். மூன்றாவது வரி வந்ததும் உர்ஹோ டூபாவைத் தூக்கினார், மற்றவர்களும் தூக்கினார்கள்.

சேர்ந்தது. அறுபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக எங்கள் பியானோவும் எங்கள் பேண்டும் ஒரே சுருதியில் நின்றன. முன்வரிசை ட்ரம்பெட்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தான். அவன் முழங்கையால் இடித்து, வாசிடா என்றான்.

பேண்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஹெல்வி அன்று முழுக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு பக்கமும் முதலில் மெதுவாக, பிறகு சரியான வேகத்தில். தவறினால் அந்த வரியின் தொடக்கத்துக்குப் போவாள். திட்டுவதோ பெருமூச்சு விடுவதோ கிடையாது. ஒரு இடத்தில் மட்டும் பதினேழு தடவை போனாள். எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் எப்படிப் படித்து மேலே வந்தாள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பாரிஸைச் சொல்வதில்லை. அந்தப் பதினேழைச் சொல்வேன். இர்யா காப்பி கொண்டுவந்து வைப்பாள். ஆறியதும் எடுத்துப்போய்ச் சூடாகக் கொண்டுவருவாள்.

நாலு மணிக்குக் கடைசிப் பக்கம் வந்தது. ஹெல்வி நிறுத்தினாள்.

“இதுக்கு வழி இல்ல” என்றாள்.

பேண்டு அடங்கிய பிறகு பியானோ தனியாக ஒரே ஒரு சுரம் வாசிக்க வேண்டும். பழைய பியானோவின் கடைசிக் கட்டை. மற்றக் கட்டைகளுக்கெல்லாம் இடது பக்கம் இன்னொரு கட்டை உண்டு. அதற்கு இல்லை, அதற்கப்புறம் மரச்சட்டம்தான். சாதாரணப் பியானோ எதுவும் போகாத ஆழத்துக்கு எங்கள் உடைந்த பியானோ அரைக் கட்டை கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது.

“மார்ச் மாசம் ஏரியில ஐஸ் உறுமுமே, அந்தச் சத்தம். அப்பா விறகு அடுக்கும்போது பியானோவுக்கு அடியில படுத்துக்கிட்டு, அந்தக் கட்டையை ஒரு கையால அமுக்கிப் பார்ப்பேன். ரெண்டும் ஒண்ணுதான்னு நெனப்பேன். இருபது நிமிஷமும் அங்க போய்ச் சேரத்தான் எழுதினேன்.”

உர்ஹோ வீட்டுக்குப் போகாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இர்யா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தக் கட்டைக்கு எத்தனை கம்பி?”

“ஒண்ணு.”

“ஒண்ணே ஒண்ணா?”

“அந்த ஓரத்துல எல்லாத்துக்கும் ஒண்ணுதான். தடிக் கம்பி.”

“அப்போ அதை மட்டும் இறக்கு.”

உர்ஹோ ஏப்பம் விடுகிறவர்போல் கையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். “நான் ஆறு வாரம் தைச்சு ஏத்தினதை, நானே இறக்கணுமாக்கும்.”

“ஒரே ஒரு கம்பி, உர்ஹோ.”

“தெரியுது. மிச்சம் எண்பத்தேழு கட்டை எனக்கு.” எழுந்து கோட்டுப் பையிலிருந்து அவர் அராவிய சாவியை எடுத்தார். அதைப் பையிலேயே வைத்திருந்தார். கேட்பார்கள் என்று முன்பே தெரிந்திருக்கலாம். சாவியை ஆணியில் மாட்டி, “நீ சொல்லு, குட்டி” என்றார்.

ஹெல்வி கடைசிக் கட்டையை அமுக்கிக்கொண்டே இருந்தாள். “இன்னும்... இன்னும் கொஞ்சம்... தாண்டிட்டீங்க. ஏத்துங்க. ஒரு மயிரிழை. போதும்.”

நான்கு தடவை இறக்கி ஏற்றினார். மறுநாள் கூட்டம் உட்காருவதற்கு முன் ஒரு தடவை.

ஞாயிறன்று ஹாலில் நிற்க இடம் இல்லை. அக்கரையிலிருந்து பனிவண்டிகளில் ஏரியைக் கடந்து வந்தவர்களே ஒரு ஐம்பது பேர். இடைவேளைக் காப்பியைப் பேண்டுக்காரர்களும் பாடகர் குழுவும் சேர்ந்து போட்டார்கள், சுமாராக இருந்தது. ஹெல்வியின் பெயரை இர்யா அறிவித்தபோது யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், அவள் உட்காரும்வரை.

இருபது நிமிடமும் நான் அவள் கைகளைத்தான் பார்த்தேன். தாளில் ஒன்று இருக்க, அதற்கு இடது பக்கம் இன்னொன்றை அவை வாசித்துக்கொண்டே போயின. இரண்டு இடத்தில் தவறினாள். அது எனக்கும் உர்ஹோவுக்கும் மட்டும் தெரியும். பதினேழு தடவை போன இடம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பேண்டு அவளைக் கைவிடவே இல்லை. பாரிஸ் விரல்கள் ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

கடைசியில் பேண்டு அடங்கியது. ஹெல்வி இடது கையின் சுண்டுவிரலைக் கடைசிக் கட்டையில் வைத்து அமுக்கினாள். தளர்ந்த அந்த ஒரு கம்பி, சுத்தமாக இல்லாமல், கரகரவென்று, பலகைத் தரை வழியாகக் காலுக்கு வந்தது. எங்களில் பலருக்கு அது ஏதோ ஒரு சுரம் அல்ல. வசந்தத்துக்கு முன்னால் படுக்கையில் படுத்துக் கேட்பது. முன்வரிசையில் ஒரு கிழவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார், ஏரி உடைகிறதா என்று. சத்தம் முழுவதும் அடங்கும்வரை ஹெல்வி விரலை எடுக்கவில்லை.

அப்புறம்தான் கை தட்டினோம். உர்ஹோ டூபாவை மடியில் வைத்துக்கொண்டு, கை தட்ட முடியாமல், காலால் தரையைத் தட்டினார். ஹெல்வி எழுந்து கூட்டத்தைப் பார்த்து வணங்கவில்லை. பேண்டைப் பார்த்து வணங்கினாள். பிறகு சமையல் கட்டு வாசலைப் பார்த்து. இர்யா அங்கே காப்பிக் கெண்டியைப் பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டப் போகிறவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இப்போ குடிக்கறேன், ஊத்து” என்றாள் ஹெல்வி.

அந்தப் படைப்பை அவள் பிறகு மாற்றி எழுதினாள், மற்ற ஊர்களும் வாசிக்கும்படியாக. கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றவில்லை. அச்சிட்ட பிரதியின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: பியானோவின் கடைசிக் கம்பியை அரைக் கட்டை இறக்கிக்கொள்ளவும், லாங் போர்டேஜில் இறக்கத் தேவையில்லை. டொராண்டோவில் வாசித்தபோது அந்தக் கல்லூரியைச் சேர்ந்த ஒருவர்தான் இறக்கிக் கொடுத்தாராம். யாரும் சிரிக்கவில்லை என்று ஹெல்வி எனக்கு எழுதினாள். இதை வெளியிடலாம் என்றும் எழுதியிருந்தாள்.

அக்டோபரில் லாஃப்ரென்யே வழக்கம்போல் சுருதி சேர்க்க வந்தார். இடது ஓரத்திலிருந்து தொடங்கினார். முதல் கட்டையிலேயே நின்றார்.

“மேடம், இந்தக் கம்பி இறங்கிப் போயிருக்கு. ஏத்திடட்டுமா?”

“மூடியைத் தூக்கிப் பாருங்க” என்றாள் இர்யா, தரையைப் பெருக்கிக்கொண்டே.

பழைய பென்சில் எழுத்து அப்படியே இருந்தது: ‘மேலே ஏற்றாதீர்கள். உடையும்.’ அதன் கீழே தபால் நிலையக் கையெழுத்தில், மையால்: ‘கடைசிக் கம்பியை மட்டும். உடையாது. ஆனாலும் ஏற்றாதீர்கள்.’

லாஃப்ரென்யே இரண்டையும் படித்தார். ஏன் என்று கேட்க வாயெடுத்தவர், இர்யாவைப் பார்த்துவிட்டு, அடுத்த கம்பிக்குப் போனார்.